ஒரு சுழி செய்த வேலை



எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், "கருத்து புரிஞ்சா போதாதா? எழுத்துப்பிழையை எதுக்குப் பார்க்கணும்?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீங்க. அண்ணே, ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கிறேன். கடிதத்துக்கு அடியிலே, பேருக்கு மேலே போடுகிறோமே, 'இவண்', அது போதும் எனக்கு.

திருவிழா நோட்டீஸைப் பாருங்க. 'இவன், ஊர்ப் பொதுமக்கள்.' ஊரே சேர்ந்து ஒரே ஆளாயிடுச்சு! (சிரிப்பு) இன்னொன்று: 'இவன், மகளிர் மன்றம்.' (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

அது மூணு சுழி 'ண்'. இவண் என்றால் இவ்விடம். அவண் என்றால் அவ்விடம். "இவ்விடம் அனைவரும் நலம்" என்று நம்ம தாத்தா எழுதினாரே, அந்த 'இவ்விடம்'தான். சங்கப் பாட்டிலேயே இருக்கிற சொல். ஆணுக்கும் பொதுச்சொல், பெண்ணுக்கும் பொதுச்சொல்.

'இங்ஙனம்' என்ற சொல்லையும் 'இங்கனம்' ஆக்கிட்டோம். பாவம், 'ங'வுக்குப் பிழைப்பே அங்ஙனம், இங்ஙனம், எங்ஙனம் என்று நாலைந்து சொல்தான். அதையும் பிடுங்கலாமா? (சிரிப்பு)

இப்போது சிரிக்க முடியாத ஒன்றைச் சொல்கிறேன். எங்களுக்குப் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். நான் அஞ்சாம் வகுப்பு படிக்கும்போது அப்பா தவறிட்டார். உதவித்தொகைக்கு மனு எழுதப் போனோம். எங்க அம்மாவுக்கு எழுத்து தெரியாது. எழுதி முடித்ததும் என்னைப் படிக்கச் சொன்னாங்க. கடைசியிலே 'இவன்' என்று படித்தேன். "எவன்டி?" என்றார் அம்மா.

எழுதியவரிடம், "ஐயா, நான் பொம்பளையாச்சே?" என்று கேட்டாங்க. "உனக்குப் படிக்கத் தெரியுமா? மனுன்னா அப்படித்தான். ரேகையை வை" என்றார். அம்மா வைத்தாங்க. வழியெல்லாம் அந்த மை விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தாங்க.

1991-ல் எங்க மாவட்டத்துக்கு அறிவொளி இயக்கம் வந்தது. பகலெல்லாம் கூலி வேலை. ராத்திரி அரிக்கேன் விளக்கில் அம்மா எழுத்துக் கூட்டினாங்க. தெருக்குழாய் கேட்டு முதல் மனுவைத் தானே எழுதினாங்க. கடைசிச் சொல்லுக்கு வந்ததும் என்னைக் கேட்டாங்க. "மூணு சுழிம்மா, இவ்விடம்னு அர்த்தம்" என்றேன். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாங்க. "ஒரு சுழிதானாடி? அதைக் கேட்டதுக்கா அன்னிக்கு அப்படி விரட்டினாரு?" (கைதட்டல்)

கருத்து புரிஞ்சா போதும் என்று படித்தவர் சொல்லலாம், அண்ணே. படிக்காதவர் பேரிலே நாம் எழுதும்போது, பிழை நம்முடையது, ரேகை அவருடையது! (பலத்த கைதட்டல்)

ஆகவே, எழுத்துப்பிழை பார்க்கத்தான் வேண்டும் என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவண், மூணு சுழி போட்டு எழுதிய அந்த அம்மாவின் மகள்.