கோட்டைச் சுவரும் நம் பள்ளிச் சுவரும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடந்த 25 ஆண்டுகளில் நம் சங்கம் ஆற்றிய பணிகளைச் செயலாளர் அவர்கள் தம் அறிக்கையில் செவ்வனே எடுத்துரைத்தார்கள். அவற்றையே மீண்டும் சொல்லி உங்கள் நேரத்தைக் கவர விரும்பவில்லை. அண்மையில் நான் கண்ட ஒரு பழைய கட்டடத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அது நம் கட்டடத்தைப் பற்றிய பேச்சாகவே முடியும்.

உறவினர் வீட்டுத் திருமணத்திற்குக் காரைக்கால் சென்று திரும்புகையில் தரங்கம்பாடியில் இறங்கினேன். அங்கே கடலை நோக்கி நிற்கிறது டான்ஸ்பர்க் கோட்டை. தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கருடன் 1620-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, டென்மார்க்கின் கப்பற்படைத் தலைவர் ஓவே ஜெட்டே அதனை எழுப்பினார். மிளகும் துணியும் அங்கிருந்து கப்பலேறின. 1845-இல் டேனியர் அவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றனர். இன்று தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அக்கோட்டையைப் பாதுகாத்து, உள்ளே சிறிய அருங்காட்சியகம் ஒன்றையும் அமைத்திருக்கிறது.

சீனத்துத் தேநீர்ச் சாடிகள், பீங்கான் கலங்கள், வாட்கள், ஈட்டிகள் என அங்கே பார்க்கத்தக்கவை பல. ஆயினும் என் கண் கட்டடத்தின் மீதே சென்றது. கரிசல் மண்ணில் பிறந்தவன் சுவரைக் கண்டால் அதன் அடித்தளத்தைத்தான் முதலில் எண்ணுவான். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு வளைத்துக் கட்டிய அறைகள். மேல்தளத்தில் ஆளுநரும் பாதிரியாரும் வணிகரும் குடியிருந்தனர். கீழே பண்டகசாலை, சமையலறை, சிறை ஆகியவை இருந்தன. கடற்காற்று யாருக்கு, புழுக்கம் யாருக்கு என்பதை அந்த அமைப்பே சொல்லிவிடுகிறது.

அரசர் பெயரும் தளபதி பெயரும் வரலாற்றில் நிற்கின்றன. அச்சுவருக்கு மண் வெட்டியவர் யார்? செங்கல் சுமந்தவர் யார்? சுண்ணாம்பு அரைத்தவர் யார்? எந்தக் கோட்டையும் இதற்கு விடை சொல்வதில்லை.

கோட்டையிலிருந்து சிறிது தூரம் நடந்தால், சீகன்பால்கு அவர்கள் 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இருக்கிறது. 1706-இல் வந்திறங்கிய அவர், தமிழ் அச்சுக்கும் கல்விக்கும் ஆற்றிய தொண்டு பெரிது. அவரிடம் 1707-இல் முதன்முதல் திருமுழுக்குப் பெற்ற ஐவரும் டேனியர் வீட்டு அடிமைகள். அப்படித் தொடங்கிய சபையிலும் மக்கள் சாதிவாரியாகப் பிரிந்தே அமர்ந்தனர். வேளாளரான ஆரோன் 1733-இல் குருப்பட்டம் பெற்றார். பறையர் குலத்தில் பிறந்த இராஜநாயக்கன், ஊர் ஊராகச் சென்று உழைத்த உபதேசியார். அவருக்கும் குருப்பட்டம் அளிக்கலாம் என்ற எண்ணம் எழுந்தபோது, அவர் கையால் நற்கருணை பெறமாட்டோம் என்று சாதிக் கிறித்தவர் மறுத்தனர். அவர் இறுதிவரை உபதேசியாராகவே பணிபுரிந்தார். இன்று அவ்வாலயத்தின் தரையைப் பார்ப்பவர் இதனை அறியமுடியாது. யாரோ எழுதி வைத்ததனால் நாம் அறிகிறோம்.

இனி நம் இடத்திற்கு வருகிறேன். நாம் முதலில் கட்டிய இரண்டு அறைகளும் இன்று வெடித்து நிற்கின்றன. கரிசல் மண்ணின் குணம் உங்களுக்குத் தெரியும். மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாகப் பிளக்கும். கெட்டியான சுக்கான் தட்டும்வரை தோண்டவேண்டும் என்று பெரியவர்கள் அன்றே சொன்னார்கள். கையில் பணம் இருந்த மட்டும்தான் நம்மால் தோண்ட முடிந்தது. தீப்பெட்டி ஆலைக்குப் போகும் பெண்கள் தங்கள் விடுமுறை நாளில் வந்து மண் சுமந்தனர். பருத்தி எடுத்த கூலியில் ஒரு நாள் கூலியைக் கொடுத்தவர்களும் உண்டு. மண் சுமந்தவர்களுள் என் தாயாரும் ஒருவர்.

அவ்வறைகளை இடித்துப் புதுக்கட்டடம் எழுப்பச் சங்கம் முடிவு செய்திருக்கிறது. பிள்ளைகளின் உயிர் பெரிது. அம்முடிவை நான் எதிர்க்கவில்லை. ஆனால், வாசலில் பதித்த கல்லைச் சற்றுப் பாருங்கள். திறந்து வைத்தவர் பெயர் இருக்கிறது. நன்கொடையாளர் பெயர்கள் இருக்கின்றன. மண் சுமந்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை. கோட்டை கட்டியவர்கள் செய்ததையே நாமும் செய்திருக்கிறோம். அக்கல்லுக்கு வாசகம் எழுதிய குழுவில் நானும் இருந்தேன். என் தாயின் பெயரை நானே விட்டுவிட்டேன்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். இடிப்பதற்கு முன் அவ்விரு அறைகளையும் அளந்து, படம் எடுத்து வையுங்கள். அதனைக் கட்டிய நாட்களைப் பற்றி நம் மாணவர்கள் வீடு வீடாகச் சென்று கேட்டு எழுதட்டும். புதுக்கட்டடத்தின் கல்லில், உழைத்தவர் பெயர்களை நன்கொடையாளர் பெயர்களுக்கு இணையாக, அதே அளவு எழுத்தில் பொறியுங்கள்.

அவர்களில் சிலர் மறைந்துவிட்டனர். எஞ்சியோர் இதோ இப்பந்தலின் கடைசி வரிசையில், தரையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களை முன்வரிசைக்கு அழைக்குமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு, என் உரையை முடிக்கிறேன்.