பக்கத்தில் இன்னும் இருவர்

இந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கும்படி அழைத்தது எனக்குப் பெரிய பெருமை. எனக்குப் பாடம் சொன்னவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருப்பதால் பதற்றமும் இருக்கிறது.

‘பக்கவாதம்: மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு’ என்பது மாநாட்டின் பொருள். நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசி, தனி ஸ்ட்ரோக் வார்டு, விழுங்கும் திறனைச் சோதிக்காமல் வாயில் எதுவும் கொடுக்கக்கூடாது என்ற விதி ஆகியவற்றை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அமர்வுகளில் அவை விரிவாக வரும். நான் ஒரு பழைய வழக்கைத்தான் எடுக்கப்போகிறேன்.

2017-இல் லான்செட் இதழில் ‘அட்டெண்ட்’ ஆய்வு வெளியானது. இந்தியாவில் 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. மற்றதில் கூடுதலாக, வீட்டில் பார்த்துக்கொள்பவருக்குப் பயிற்சி. ஆறு மாதம் கழித்து இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருப்பவர்களும் இரண்டு பிரிவிலும் 47 சதவீதம். அன்றிலிருந்து, “வீட்டாருக்குப் பயிற்சி வீண் என்று நிரூபணமாகிவிட்டதே” என்று நண்பர்கள் சிலர் மேடைதோறும் சொல்லி வருகிறார்கள். அவர்கள்மீது மதிப்புக் குறையாமலே மறுக்கிறேன்.

முதலாவது, அந்த அளவுகோல். இயலாமையை அளக்கும் ரேங்கின் அளவில் மூன்றும் அதற்கு மேலும் போனால் ‘சார்ந்திருப்பவர்’. படுத்த படுக்கையாக ஐந்தில் இருந்த ஒருவர், யார் தோளையும் பிடிக்காமல் கொல்லைப்புறம் வரை நடந்து போய் வருகிறார், வேட்டி கட்ட மட்டும் ஆள் வேண்டும் என்றால் அவர் மூன்று. கணக்கில் அவர் இன்னும் அதே பெட்டியில்தான். அவர் மனைவியிடம் கேட்டுப் பாருங்கள், ஒன்றும் மாறவில்லையா என்று.

இரண்டாவது, பயிற்சி பெறாத பிரிவில் வீட்டார் கைகட்டி நிற்கவில்லை. நம் வார்டுகளில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து யாராவது ஒருவர் இருக்கிறார். திருப்பிப் படுக்க வைப்பதும், மூக்குக் குழாயில் கஞ்சி விடுவதும், துணி மாற்றுவதும் அவர்தான். ஏற்கெனவே முழுச் சுமையும் தூக்கும் ஒருவர் தலையில் இன்னொரு பாடத்தை ஏற்றினால் பெரிதாக ஒன்றும் கூடுவதில்லை. ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதைத்தான். வீட்டுக் கவனிப்பால் பயனில்லை என்று அது எங்கும் சொல்லவில்லை.

ஒரு சாதாரண காரியத்தைப் பாருங்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டும். தனியாக இருக்கும் மருமகள் வேறு வழியில்லாமல் மாமனாரின் விழுந்த கையைப் பிடித்து, அக்குளில் கைகொடுத்துத் தூக்குகிறாள். தசை தளர்ந்த தோள்மூட்டு அதைத் தாங்காது; வலி தொடங்கிவிட்டால் பிறகு பிசியோ வந்தாலும் அவர் கையைத் தொடவிடமாட்டார். இடுப்பில் துண்டைச் சுற்றிப் பிடித்து, கால்களைத் தரையில் சரியாக ஊன்ற வைத்து, முன்னால் குனியச் செய்து எழுப்ப வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்புகிறோம். ஆனால் ஆள் கனமாக இருந்தால் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் யார் என்று நாம் கேட்பதே இல்லை.

இந்த இடத்தில்தான் நம் துறை ஒதுக்கி வைத்த ஒரு நூலை நினைவூட்டுகிறேன். 1965-இல் நடிகை பாட்ரீசியா நீல் கர்ப்பமாக இருந்தபோது மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு வலப்பக்கமும் பேச்சும் பாதிக்கப்பட்டன. கணவர் ரோல்ட் டால் அவரை இங்கிலாந்தின் கிரேட் மிசென்டன் கிராமத்துக்கு அழைத்துப்போய், அக்கம்பக்கத்தாரை முறைவைத்து வரச்சொன்னார். ஒருவர் வார்த்தை பழக்குவார், இன்னொருவர் கணக்குப் போட வைப்பார். அவர்களில் ஒருவரான வலெரி ஈட்டன் கிரிஃபித் அந்த அனுபவத்தை 1970-இல் ‘எ ஸ்ட்ரோக் இன் த ஃபேமிலி’ என்று நூலாக்கினார். நீல் 1968-இல் மீண்டும் திரைப்படத்தில் நடித்தார், ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்டார்.

“அது ஒற்றை நோயாளியின் கதை, சான்று ஆகாது” என்று ஒரு மூத்த அறிஞர் முன்பு தீர்ப்புச் சொன்னார். மனைவியைப் பழக்குவதில் டால் காட்டிய கண்டிப்பை நானும் ஏற்கவில்லை. அவர்களுக்கு இருந்த வசதியையும் மறக்கவில்லை. நான் எடுத்துக்கொள்வது அந்த முறையை. பேச்சு இழந்தவர் தட்டுத்தடுமாறித் தேடும் சொல்லை மனைவி முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார், அன்பினால்தான். பக்கத்து வீட்டுக்காரர் காத்திருப்பார். அந்த ஒரு மணி நேரத்தில் மனைவி குளிக்கலாம், தூங்கலாம். அந்தக் காத்திருப்பு, இந்த ஓய்வு, இரண்டுமே சிகிச்சைதான். கிரிஃபித் இதையே 1973-இல் தொண்டர் திட்டமாக வளர்த்தார்.

நம்மால் முடியாதா? தமிழக அரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். அவர் வந்து போனபின் அடுத்த முறை வரும்வரை அந்த வீட்டில் ஒரே ஒரு பெண். தெருவில் மகளிர் குழு இருக்கிறது, ஓய்வுபெற்ற ஆசிரியர் இருக்கிறார், கல்லூரி முடித்த பையன்கள் இருக்கிறார்கள். இவர்களை நாம் அழைத்ததில்லை.

ஆகவே என் கோரிக்கை இது: டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரைப் பட்டியலுக்கு மேலே, பார்த்துக்கொள்ளப்போகும் மூவரின் பெயர் எழுதப்பட வேண்டும். ஒருவராவது குடும்பத்துக்கு வெளியே உள்ளவராக இருக்கட்டும். மூன்று பெயர் கிடைக்காத வீட்டை, ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராத நோயாளியைப் போலவே கவலையோடு பின்தொடர வேண்டும். இனி ஆய்வு செய்பவர்கள், ஒருவருக்குக் கொடுத்த பயிற்சியையும் மூவருக்குக் கொடுத்ததையும் ஒப்பிட்டுக் காட்டட்டும். எதிர்த்து வாதிட விரும்பும் நண்பர்களுக்கு முதல் அமர்விலேயே நேரம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்.