வீட்டுக் கணிப்பொறியும் அதன் ஓசையும்

தில்லியில் வசிக்கும் தமிழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தீபாவளி கழிந்து சில நாட்களுக்குள் கூரையிலுள்ள மின்விசிறி நின்றுவிடுகிறது, ஜன்னல்கள் அடைபடுகின்றன. அதுவரை வீட்டில் இல்லாத ஓசைகளெல்லாம் அன்றிரவு முதல் கேட்கத் தொடங்குகின்றன. சுவர்க் கடிகாரம் கேட்கிறது. குளிர்பதனப் பெட்டி கேட்கிறது. கணிப்பொறி உள்ள வீடாயின் அதன் வயிற்றிலிருந்து எழும் ஒரு முனகலும் கேட்கிறது. சென்னையிலோ திருச்சியிலோ ஆண்டு முழுவதும் விசிறிக்குக் கீழே உறங்குகிறவர்கள் இதை உணர நியாயமில்லை.

எங்கள் வீட்டில் இரண்டே அறைகள். மகன் இரவில் வேலை செய்கிறவன். பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி அவன் தானே கூட்டியமைத்த கணிப்பொறிக்கு என் தாயாரின் கட்டிலுக்கு அருகில்தான் இடம் கிடைத்தது. "ஏண்டா கண்ணா, ராத்திரியெல்லாம் ஒரு வண்டு சுற்றிக்கொண்டே இருக்கிறதே!" என்று அவர் பேரனைக் கேட்டது டிசம்பர் மாதத்தில். செயலியின் மேலிருக்கும் சிறு விசிறியைத்தான் முதலில் சந்தேகித்தோம். அதைப் புதிதாக மாற்றிய பிறகும் வண்டு போகவில்லை. கடைசியில் அகப்பட்ட குற்றவாளி, கேபினெட்டுடன் சேர்த்து ஏறக்குறைய இனாமாகக் கடைக்காரர் கொடுத்திருந்த மின்வழங்கி. செயலிக்கும் நினைவகத்துக்கும் பத்து நாட்கள் ஆராய்ச்சி செய்தவன், இந்த ஒரு பெட்டியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இனாமாக வருவதைப் பற்றி யார் கேட்கிறார்கள்?

மின்வழங்கி என்று நான் சொல்வதைக் கடைகளில் எஸ்.எம்.பி.எஸ். என்றே கேட்க வேண்டும். தில்லி நேரு பிளேஸிலும், மும்பை லாமிங்டன் சாலையிலும், பெங்களூர் எஸ்.பி. சாலையிலும் அதுவே வழக்குச் சொல். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றிக் கொடுப்பது அதன் தொழில். இந்த மாற்றத்தில் ஒரு பகுதி வீணாகிறது. வீணாவது உஷ்ணமாகிறது, உஷ்ணத்தை வெளியேற்ற விசிறி சுழல்கிறது, விசிறி சுழல்வதால் ஓசை உண்டாகிறது. ஆகவே, ஓசையைக் குறைக்க விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது விசிறியை அன்று, வீணாகும் மின்சாரத்தை.

கணக்கு எளியது. கணிப்பொறிக்கு 300 வாட் தேவைப்படும் ஒரு வேளையை எடுத்துக்கொள்வோம். நூற்றுக்கு 85 பங்கு திறனுள்ள மின்வழங்கி சுவரிலிருந்து 353 வாட் இழுக்கும். 53 வாட் உஷ்ணமாகும். திறன் 90 பங்காயின் இழுப்பது 333 வாட். உஷ்ணம் 33 வாட். இடையிலுள்ள 20 வாட் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அது, சிறிய சாலிடரிங் கோல் ஒன்றை அந்தக் குறுகிய பெட்டிக்குள் மூட்டி வைத்ததற்குச் சமானம். அதைத் தணிக்க விசிறி வேகமெடுத்தே ஆகவேண்டும். விசிறியின் வேகம் பாதியானால் ஓசை ஏறக்குறைய 15 டெசிபெல் குறையும் என்பது பொது விதி; வேகம் இரட்டித்தால் அவ்வளவும் கூடும். வேகத்தில் சிறிது மிச்சம் பிடித்தாலும் காதுக்குப் பெரிய லாபம்.

இந்தத் திறனை அறிவிக்கத்தான் '80 பிளஸ்' என்ற முத்திரை 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றியது. வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், டைட்டேனியம் என்று அதற்குப் படிகள் உண்டு. 115 வோல்ட்டில், பாதிச் சுமையில், வெண்கலம் 85 பங்கும் தங்கம் 90 பங்கும் தேற வேண்டும். நம் நாட்டின் 230 வோல்ட்டில் திறன் சற்றுக் கூடவே இருக்கும். சாதாரண வீட்டுக்குத் தங்கம் போதுமானது என்பது என் அபிப்பிராயம். அதற்கு மேற்பட்ட படிகளுக்குக் கொடுக்கும் விலை காதுக்கு அவ்வளவாக வந்து சேர்வதில்லை.

ஆனால் இந்த முத்திரையை நம்பி மட்டும் வாங்குகிறவர் ஒன்றை மறந்துவிடுகிறார். அது திறனை அளக்கிறதே தவிர, ஓசையை அளப்பதில்லை. அத்துடன், அந்தச் சோதனை நடப்பது சுமார் 23 டிகிரி உஷ்ணமுள்ள அறையில். மே மாதத்தில் தில்லியிலோ நாகபுரியிலோ மாடி வீட்டின் நிலைமை என்ன என்பதை அங்கே குடியிருப்பவர்கள் அறிவார்கள். ஓசைக்கென்றே தனியாக முத்திரை தருவது சைப்ரஸ் தீவிலுள்ள சைபெனெடிக்ஸ் என்னும் நிறுவனம். 'லாம்டா' என்ற அந்தத் தரவரிசையில் 'ஏ பிளஸ்' என்றால் 15 முதல் 20 டெசிபெல் வரை. வெறும் 'ஏ' என்றால் 20 முதல் 25 வரை. 'ஏ மைனஸ்' 25 முதல் 30 வரை. காதோடு காதாகப் பேசும் ரகசியப் பேச்சே சுமார் 30 டெசிபெல் இருக்கும். படுக்கையறையில் வைப்பவர் 'ஏ' தரத்துக்குக் கீழே இறங்காதிருப்பது நல்லது.

எத்தனை வாட் வாங்குவது என்ற கேள்வியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 1,000 வாட் மின்வழங்கி எப்போதும் 1,000 வாட் செலவழிக்கும் என்று அஞ்சுவது தவறு. கணிப்பொறி கேட்பதைத்தான் அது கொடுக்கும். பெரிதாக வாங்கினால் ஓசையே இராது என்று நம்புவதும் முழு உண்மையன்று; மிகக் குறைந்த சுமையில் திறன் சரிந்துவிடுகிறது. 65 வாட் வகைச் செயலியும், தனிக் கிராபிக்ஸ் அட்டை இல்லாத அமைப்பும் கடுமையாக வேலை செய்யும்போதுகூட 150 வாட்டைத் தாண்டுவது அரிது. 170 வாட் வரை இழுக்கும் அட்டையைச் சேர்த்தால் 300 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு 550 வாட் தாராளம். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். எங்களுக்கு இனாமாக வந்ததன் மேல் 450 என்று பெரிதாக எழுதியிருந்தது. கையில் எடுத்தால் அட்டைப்பெட்டி போல் கனமற்றிருந்தது. உஷ்ணத்தை வாங்கும் உலோகத் தகடும், செம்புச் சுருளும், நல்ல மின்தேக்கியும் இருந்தால் கனம் இருக்கத்தான் செய்யும்.

இப்போது விசிறிக்கு வருவோம். பழைய மின்வழங்கிகளின் 80 மில்லிமீட்டர் விசிறிகள் கிறீச்சிட்டன. இன்று 120 முதல் 140 மில்லிமீட்டர் வரை உள்ள விசிறிகள் மெதுவாகச் சுழன்றே அதே அளவு காற்றைத் தள்ளுகின்றன. திரவத் தாங்கி அமைந்த விசிறி நெடுநாள் அமைதி காக்கும். மலிவான தாங்கி, இரண்டு மே மாதங்களின் உஷ்ணமும் புழுதிக் காற்றும் கண்டபின் 'டிக் டிக்' என்று பேசத் தொடங்கும்.

சுமை குறைவாயிருக்கும்போது விசிறி முற்றிலும் நின்றுவிடும் வகையும் இப்போது கிடைக்கிறது. குளிர்கால இரவில் இது பெரும் சுகம். ஆனால் மே மாதத்தில், அறையே 40 டிகிரியை எட்டும்போது, விசிறி நிற்பதும் ஓடுவதுமாகத் தடுமாறும். ஒரே சீரான மெல்லிய ஓசையை உறங்குகிறவர் மறந்துவிடுவார். நின்று நின்று எழும் ஓசை அவரை எழுப்பிவிடும். ஆகையால், அந்த வசதியை அணைக்கவும் ஒரு விசை உள்ளதாகப் பார்த்து வாங்குவது உத்தமம். சமவெளியில் வாழ்கிறவர் கோடையில் அதை அணைத்து, விசிறி மெதுவாக எப்போதும் சுழலும்படி விடலாம். கூரை விசிறியும் கூலரும் இரையும் அந்த நாட்களில் இந்த ஓசை யார் காதிலும் விழப்போவதில்லை. மின்தேக்கிகளும் நீடித்து உழைக்கும். உஷ்ணம் 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் சுமார் பாதியாகிறது. விசிறியே இல்லாத மின்வழங்கிகளைச் சீசானிக் முதலிய நிறுவனங்கள் செய்கின்றன. பெங்களூரிலோ சிம்லாவிலோ இருக்கும் அன்பர்கள், காற்றோட்டமான கேபினெட் வைத்திருந்தால், ஆசைப்படலாம். வட இந்தியக் கோடைக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

விசிறி நின்றபிறகும் கொசு பாடுவது போன்ற ஒரு கூர்மையான ஒலி கேட்டால், அது கம்பிச் சுருள்களின் அதிர்வு. மின்வழங்கியில் அது உண்டாவதுண்டு. கிராபிக்ஸ் அட்டையில் இன்னும் அதிகமாக உண்டாகும். ஆகவே, காதை வைத்து இடம் கண்டபின் குற்றம் சாட்டுங்கள். மின்வெட்டுக்காக வீட்டில் சதுர அலை இன்வர்ட்டர் வைத்திருப்பவர்கள், புதிய மின்வழங்கி உறுமினாலும் அணைந்துபோனாலும் அதைக் கடைக்குத் திருப்பிக்கொண்டு ஓட வேண்டாம். சைன் அலை இன்வர்ட்டரில் அது சாதுவாக நடந்துகொள்ளக்கூடும். சிறிய யு.பி.எஸ். வாங்கும்போதும் வாட் கணக்கைக் கேளுங்கள், 600 வி.ஏ. என்று எழுதியிருப்பவை பெரும்பாலும் 360 வாட் அளவே தாங்கும்.

வானொலியில் பேசுகிறவன் இன்னொரு ஓசையையும் சொல்லாமல் விடலாகாது. மலிவான மின்வழங்கிகளில் சிக்கனத்துக்காக நுழைவாயிலின் வடிகட்டிச் சுருளையும் மின்தேக்கியையும் விட்டுவிடுகிறார்கள். அந்தக் குறை காதுக்கு நேராகக் கேட்பதில்லை. மத்திய அலையில் கேட்கும். எங்கள் வீட்டில் கணிப்பொறியைத் தொடங்கியதும் அம்மாவின் சிறிய டிரான்சிஸ்டர் சீறத் தொடங்கும். தூரத்து நிலையத்தின் தமிழ்க் குரல் அந்தச் சீறலுக்குள் மூழ்கிவிடும். மின்வழங்கியை மாற்றிய அன்று அது பெரிதும் அடங்கியது. வண்டு போனதைவிட இதுதான் அவருக்குச் சந்தோஷம்.

இரைகிற மின்வழங்கியைத் திறந்து விசிறியை மட்டும் மாற்றிவிடலாமே என்று சில இளைஞர்கள் எண்ணுவார்கள். அருள் கூர்ந்து அதைச் செய்யாதீர்கள். உள்ளிருக்கும் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். செருகியைப் பிடுங்கிய பின்னும் சற்று நேரம் அது அடங்காது. மாற்றுவதானால் முழுப் பெட்டியையும் மாற்றுங்கள். அப்போது பழைய கம்பிகளை அப்படியே விட்டுப் புதிய பெட்டியில் செருகவும் வேண்டாம். முனை பொருந்துவது போலத் தோன்றினாலும், மின்வழங்கியின் பக்கத்து இணைப்பு வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். வட்டுக்கள் ஒரே கணத்தில் கருகிவிடும்.

தங்கத் தரத்தில் நல்லவற்றுக்கு 5 முதல் 10 ஆண்டுகள் வரை உத்தரவாதம் தருகிறார்கள். நம்மில் பலர் மாற்றலாகி ஊர் ஊராய்ச் செல்கிறவர்கள். வாங்கும்போதே, உத்தரவாதத்தை நிறைவேற்றுவது கடைக்காரரா, இறக்குமதி செய்த நிறுவனமா, அதன் பழுதுபார்க்கும் நிலையம் எந்தெந்த நகரங்களில் இருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ரசீதை மட்டும் கணிப்பொறிப் பெட்டியோடு வைக்காதீர்கள்; ரேஷன் கார்டும் பள்ளிச் சான்றிதழ்களும் இருக்கும் கோப்பிலேயே வையுங்கள்.