இரண்டாம் தொடுதல்



மாற்கு 8:22-26 நம்மைத் திகைக்க வைக்கிற பகுதி. பெத்சாயிதாவில் ஆண்டவர் பார்வையற்ற ஒருவனைக் கைப்பிடித்து ஊருக்கு வெளியே கொண்டுபோய், அவன் கண்களில் உமிழ்ந்து, கைகளை வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று விசாரித்தார். மனிதர் நடமாடும் மரங்களைப்போலத் தெரிகிறார்கள் என்றான். மறுபடியும் கைகளை வைத்த பின்பே தெளிவாகக் கண்டான். ஒரே வார்த்தையால் கடலை அமைதிப்படுத்தியவருக்கு இரண்டு தொடுதல் எதற்கு?

1728-இல் வில்லியம் செசல்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஒரு செய்தியை எழுதினார். பிறவியிலேயோ மிகச் சிறு வயதிலேயோ பார்வை இழந்த, சுமார் 13 வயதுச் சிறுவனுக்குக் கண்புரை சிகிச்சை செய்தார். பார்வை வந்தது. ஆனாலும் பூனை எது, நாய் எது என்று தடவிப் பார்த்தே அறிந்தான். கண் திறப்பது ஒன்று. காணப் பழகுவது வேறொன்று.

பெத்சாயிதா மனிதன் பிறவிக்குருடன் என்று வேதம் சொல்லவில்லை. ஆகவே இதுவே விளக்கம் என்று நான் சாதிக்கவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம். அவன் அரைகுறைப் பார்வையை மறைக்காமல் சொன்னான். ஆண்டவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை, பாதியில் விடவுமில்லை.

பிரியமானவர்களே, அறுவை சிகிச்சைக்கு மனமுவந்து கொடுக்கிறோம். கட்டு அவிழ்த்தபின் வேண்டிய சொட்டு மருந்து, கண்ணாடி, மறுபரிசோதனைக்கு வர பஸ் செலவு ஆகியவற்றை மறந்துவிடுகிறோம். அந்த இரண்டாம் தொடுதலையும் உங்கள் ஜெபத்திலும் காணிக்கையிலும் நினைத்துக்கொள்ளுங்கள்.