இங்கிலீஷ் வாக்கியத்தில் ‘யார்’ எங்கே இருக்கிறார்?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



இங்கிலீஷ் இலக்கணம் என்றதும் பின்வரிசையில் சிலர் எழுந்துபோகப் பார்க்கிறீங்க. உட்காருங்க, கால் மணி நேரம்தான். நாம் கையெழுத்துப் போடுகிற தாளில் யார் என்ன சொல்றாங்க என்று கண்டுபிடிக்கிற வழியைத்தான் சொல்லப் போறேன்.

முதலில் நம்ம தமிழைப் பாருங்க. சோளக்காட்டுச் சந்தைக்குப் போய் வந்தவரிடம் “மிளகு என்னாச்சு?” என்று கேட்டால், “வித்தேன்” என்பார். ஒரே சொல், ஆனால் வாக்கியம் முழுசு. கடைசியில் வருகிற ‘ஏன்’ என்ற வால், ‘நான்’ என்று காட்டிவிடுகிறது. வித்தோம் என்றால் நாங்கள், வித்தாள் என்றால் அவள்.

இங்கிலீஷ் வினைக்கு இந்த வால் இல்லை. ‘சோல்ட்’ என்று மட்டும் சொன்னால் வித்தது நானா, நீங்களா, வியாபாரியா? தெரியாது. அதனால் ஆளை முன்னாடியே சொல்லணும். ‘ஐ சோல்ட்’ என்றால் நான் வித்தேன். ‘வி சோல்ட்’ என்றால் நாங்கள் வித்தோம். யார், என்ன செய்தார் என்ற இரண்டும் இருந்தால்தான் முழு வாக்கியம். பள்ளிக்கூடத்தில் எழுவாய், பயனிலை என்று படித்தோமே, அதுதான் இது.

இன்னொன்று. “இது தினை” என்றால் நமக்குப் போதும். இங்கிலீஷில் ‘திஸ் தினை’ என்றால் குறை. ‘திஸ் ஈஸ் தினை’ என்று நடுவில் ஒரு தையல் போடணும். பல பொருள் என்றால் ‘ஆர்’, நான் என்றால் ‘ஆம்’.

சொற்களின் வரிசையும் முக்கியம். தமிழில் ‘வியாபாரி மிளகை எடை போட்டார்’, ‘மிளகை வியாபாரி எடை போட்டார்’, எப்படிச் சொன்னாலும் பொருள் மாறாது. ‘மிளகை’ என்பதில் உள்ள ‘ஐ’ காப்பாற்றுகிறது. இங்கிலீஷில் அந்தக் காவல் இல்லை. ‘தி குரூப் பெய்ட் தி பேங்க்’ என்றால் குழு வங்கிக்குப் பணம் கட்டியது. ‘தி பேங்க் பெய்ட் தி குரூப்’ என்றால் வங்கி குழுவுக்குப் பணம் கொடுத்தது. அதே சொற்கள்தான், இடம் மட்டும் மாறியிருக்கு. கட்டினோமா, வாங்கினோமா என்பதே தலைகீழாகிவிடுகிறது, பாருங்க!

மருந்து பாட்டிலில் ‘ஷேக் வெல் பிஃபோர் யூஸ்’ என்று இருக்கும். இதில் ஆள் எங்கே என்று கேட்பீங்க. அது கட்டளை, ‘நீ’ என்பது மறைந்து நிற்கிறது. அதுவும் முழு வாக்கியம்தான். நம்ம சாமை பாக்கெட்டில் ‘நெட் வெயிட் 500 கிராம்’ என்று போடுகிறோமே, அது வாக்கியம் இல்லை, வெறும் குறிப்பு.

போனில் ‘யுவர் அக்கவுன்ட் ஈஸ் டெபிட்டட்’ என்று செய்தி வந்தால் கணக்கில் இருந்து பணம் போயிருக்கு. ‘கிரெடிட்டட்’ என்றால் வந்திருக்கு. இலக்கணப்படி இது முழு வாக்கியம், ஆனால் எடுத்தது யார் என்று அதில் இல்லை. கிளையில் போய்த்தான் கேட்கணும்.

இப்போ கடன் தாளுக்கு வருவோம். ‘ஐ ஹேவ் ரிசீவ்ட் தி லோன் அமௌன்ட்’ என்று அச்சடித்திருக்கும். அச்சடித்தது அவர்கள்; ஆனால் அந்த ‘ஐ’ மேனேஜர் இல்லை, கீழே கையெழுத்துப் போடுகிற நீங்க. ‘கடன் தொகையை நான் பெற்றுக்கொண்டேன்’ என்று நீங்க சொல்றீங்க. பணம் வருவதற்கு முன்னாடி அதை எப்படிச் சொல்ல முடியும்?

குழுக் கடனில் ‘வி ஆர் ஜாயின்ட்லி அண்ட் செவரலி லயபிள்’ என்று இருந்தால் நிறுத்திப் படிங்க. நாங்கள் எல்லோரும் சேர்ந்தும் பொறுப்பு, ஒவ்வொருவரும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று பொருள். ஒருத்தர் கட்டாவிட்டால் முழுப் பாக்கியையும் மற்றவர் எவரிடமும் கேட்கலாம். என் பங்கை நான் கட்டிட்டேன் என்று ஒதுங்க முடியாது. ‘வி’ என்ற சின்னச் சொல்லுக்குள்ளே பன்னிரண்டு பேரோ இருபது பேரோ உட்கார்ந்திருக்கோம்!

‘ருபீஸ்’ என்று எழுதி, பக்கத்தில் காலி இடம் விட்டிருந்தால் அது முடியாத வாக்கியம். நாம் போன பிறகு அதை யார் முடிப்பார்கள்? தொகையை எழுதச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுக்கணும்.

இவ்வளவு சிரமம் எதுக்கு, தமிழிலேயே தரச் சொல்லக் கூடாதா என்று ஒரு அக்கா கேட்கிறாங்க. சொல்லலாம், நல்லாவே சொல்லலாம். ரிசர்வ் வங்கி 2022-ல் நுண்கடனுக்கு வகுத்த விதிகளில், ஒப்பந்தமும் கடன் அட்டையில் எழுதும் விவரங்களும் கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் இருக்கணும் என்று இருக்கு. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்கு அடமானம் இல்லாமல் தரும் கடன்தான் நுண்கடன். பேங்க் கொடுத்தாலும் நிதி நிறுவனம் கொடுத்தாலும் இந்த விதி உண்டு. கூச்சப்படாமல் கேளுங்க.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்க குழுவின் கடன் ஒப்பந்த நகல் ஒன்று கொண்டு வாங்க. ‘ஐ’, ‘வி’ என்று வருகிற இடத்தில் எல்லாம் பென்சிலால் வட்டம் போட்டு வையுங்க. ஒவ்வொன்றாகச் சேர்ந்து படிப்போம்.