கடல்வழிப் பயணமும் வீட்டுக் கடனும்

(பூவரசங்குளத்தில் நடைபெற்ற நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



வாழ்த்தும் நன்றியும் இந்த மேடையில் நிறைவாகவே சொல்லப்பட்டுவிட்டன. எமக்குத் தரப்பட்ட சில நிமிடங்களில், எங்கள் வீடுகளில் தாழ்ந்த குரலில் மட்டும் பேசப்படும் ஒரு விடயத்தைச் சற்று உரத்துப் பேச விரும்புகிறோம். அதுதான் 'ஏஜென்சி மூலம்' வெளிநாடு போதல்.

எங்களில் பலர் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் சிட்னியிலும் வாழ்கிறோம். விசாவோடு போனவர்களும் உண்டு, இல்லாமல் போனவர்களும் உண்டு. ஆகவே இது போனவர்களைக் குற்றஞ்சொல்லும் பேச்சல்ல. எம் மக்கள் ஆசைக்காக மட்டும் கடலில் இறங்கவில்லை. 1983இன் பின் உயிருக்குப் பயந்து ஓடினார்கள். 2009இல் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான வன்னி மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவற்றில் மிகப் பெரியதான மெனிக் பாம், எங்கள் அயலூரான செட்டிகுளத்தில்தான் இருந்தது. 2012 செப்டெம்பரில்தான் அது மூடப்பட்டது. பயந்தவருக்கு இன்னொரு நாட்டில் தஞ்சம் கோரும் உரிமை உண்டு என்று மனித உரிமைகள் பற்றிய உலகப் பிரகடனத்தின் 14ஆம் உறுப்புரை சொல்கிறது. அந்த உரிமையைத் தேடிப் போகும் வழியில் நிற்கும் வியாபாரியைப் பற்றித்தான் இங்கு பேசுகிறோம்.

முதலில் சில நிகழ்வுகளை நினைவுபடுத்துவோம்.

1986 ஓகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்துகொண்டிருந்தனர். ஜேர்மனியிலிருந்து ஏற்றி வந்த கப்பல் அவர்களைக் கடலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அவ்வூர் மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்கள். கனடா அவர்களை இருக்க அனுமதித்தது.

பத்து ஆண்டுகள் கழித்து நடந்தது வேறு. 1996 டிசெம்பர் 25ஆம் திகதி இரவு, மோல்டாவுக்கும் சிசிலித் தீவுக்கும் இடையில், பெரிய கப்பலில் வந்தவர்களைக் கொந்தளிக்கும் கடலில் ஒரு சிறு படகுக்கு மாற்றினார்கள். படகு மூழ்கியது. இந்தியர், பாகிஸ்தானியர், இலங்கைத் தமிழர் என 280இற்கும் அதிகமானோர் இறந்தார்கள். தப்பியவர்கள் சொன்னதை அதிகாரிகள் நம்பவில்லை. கரையோர மீனவர்களின் வலைகளில் உடல்கள் சிக்கின. தொழில் பாதிக்கப்படும் என்று அஞ்சி அவற்றைத் திரும்பவும் கடலில் போட்டார்கள். ஒரு வலையில் வந்த தமிழ்ப் பையன் ஒருவனின் அடையாள அட்டைதான், 2001இல் ஓர் இத்தாலியப் பத்திரிகையாளரை மூழ்கிய படகு கிடந்த இடம்வரை கொண்டு சென்றது. அதுவரை எத்தனை தாய்மார் தபாற்காரரை எதிர்பார்த்திருந்திருப்பார்கள்!

போர் முடிந்த கையோடு 2009 ஒக்ரோபரில் 'ஓஷன் லேடி' 76 பேருடனும், 2010 ஓகஸ்டில் 'சன் சீ' 492 பேருடனும் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தன. இரண்டாவது கப்பலில் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். வந்தவர்களில் பலர் மாதக்கணக்கில் தடுப்பில் இருந்தார்கள். பின்னர் அவுஸ்திரேலியப் படகுகளின் காலம் வந்தது. 2012ஆம் ஆண்டில் மட்டும் 6,000இற்கும் அதிகமான இலங்கையர் படகில் அங்கு போய்ச் சேர்ந்தார்கள். 2013 யூலைக்குப் பிறகு படகில் வருவோருக்கு அந்நாட்டில் குடியேற இடமில்லை என்ற நிலை வந்தது. நவுறுவுக்கும் மானுஸ் தீவுக்கும் அனுப்பினார்கள். கடலிலேயே மறித்துத் திருப்பினார்கள். கதவு மூடிய பின்னும் இங்கே ஏஜென்சிக்காரர் முற்பணம் வாங்குவதை நிறுத்தவில்லை.

2022இல் எரிபொருளும் பால்மாவும் இல்லாமல் நாடே தவித்தபோது, வடக்கிலிருந்து குடும்பங்கள் தனுஷ்கோடிப் பக்கம் போயின. ஆழங்குறைந்த மணல் திட்டில் கைக்குழந்தைகளோடு இறக்கிவிட்டுப் படகோட்டிகள் திரும்பியதையும், இந்தியக் கரையோரக் காவல் படை வந்து மீட்டதையும் பத்திரிகைகளில் படித்தோம். அதே ஆண்டு நவம்பரில் மியன்மாரிலிருந்து கனடா நோக்கிப் புறப்பட்ட 'லேடி ஆர் 3' என்ற கப்பல் நடுக்கடலில் செயலிழந்தது. அதிலிருந்த 303 பேரை ஜப்பானியக் கப்பலொன்று காப்பாற்றி வியட்நாமில் சேர்த்தது. மாதக்கணக்கில் காத்திருந்து பலர் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். திரும்பாமலே அங்கு இறந்தவரும் உண்டு.

2021 ஒக்ரோபரில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்கென்று புறப்பட்ட படகொன்று இந்து சமுத்திரத்தில் தத்தளித்து, டியாகோ கார்சியா என்ற இராணுவத் தீவில் கரைசேர்க்கப்பட்டது. அதில் வந்த தமிழர்கள் மூன்று ஆண்டுகள் வேலியிட்ட கூடார முகாமில் இருந்தார்கள். அவர்களை அவ்வாறு தடுத்து வைத்தது சட்டவிரோதம் என்று 2024 டிசெம்பரில் அப்பிரதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரும்பாலானோர் அம்மாதமே பிரித்தானியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். நீதி கிடைத்தது, ஆனால் பிள்ளைகளின் மூன்று ஆண்டுகள் திரும்பக் கிடைக்கவில்லை.

இந்த நாற்பது ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நாடுகள் வழியை அடைக்க அடைக்கப் பயணம் நிற்கவில்லை; தூரம் கூடியது, ஆபத்துக் கூடியது, விலையும் கூடியது. அந்த விலையைக் கொடுப்பது யார் என்பதுதான் இன்று எங்களுக்குரிய கேள்வி.

அதற்கு முன் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பணம் வாங்கிக்கொண்டு ஒருவரைக் களவாக எல்லை கடத்துவது ஆட்கடத்தல். ஏமாற்றியோ மிரட்டியோ ஒருவரைக் கொண்டுபோய் உழைப்பையும் உடலையும் சுரண்டுவது மனித வியாபாரம். முதலாவதாகத் தொடங்கும் பயணம் இரண்டாவதாக முடிவது உண்டு. கடத்தப்படுவதற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்கக் கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்நெறி கூறுகிறது. ஆனால் எமது நாட்டின் 1948ஆம் ஆண்டு 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டத்தின்படி, அனுமதிக்கப்பட்ட துறையைத் தவிர்த்து வெளியேறுவதே குற்றம். பிடிபட்டால் நீதிமன்றம் ஏறுவது பெரும்பாலும் படகில் இருந்த பிள்ளைதான். பணம் வாங்கியவர் வேறொரு பெயரில் வேறொரு நாட்டில் இருப்பார்.

இப்போது வீட்டுக்கு வருவோம். முற்பணத்துக்கு முதலில் போவது அம்மாவின் தாலிக்கொடி அல்லது அக்காவின் காப்பு. அடுத்தது காணி உறுதி. அதற்கும் மேலே சீட்டு, வட்டிக்காசு, வெளிநாட்டு உறவினரின் கைமாற்று. வன்னியில் எத்தனையோ வீடுகளைப் பெண்களே தனித்துத் தாங்குகிறார்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்து வைப்பவள் அவள். வட்டி கேட்டு வருபவருக்கு வாசலில் நின்று பதில் சொல்பவளும் அவள். போனவரிடமிருந்து அழைப்பு நின்றுபோனால், ஆருக்கும் சொல்லாமல் அழுபவளும் அவளே. ஆயினும் "ஆம்பிளையள் கதைச்சு முடிச்சிட்டினம்" என்று, கேள்வி கேட்க மட்டும் அவளுக்கு இடமில்லை. நகை எங்களுடையது என்றால் கேள்வியும் எங்களுடையதாக இருக்க வேண்டும்.

என்ன கேட்கலாம்? முழுப்பெயர் என்ன, முகவரி என்ன? பற்றுச்சீட்டுத் தருவாரா? எந்த நாட்டால், எந்த விசாவில்? வழியில் கடவுச்சீட்டை யார் வைத்திருப்பார்? இடையில் மறித்தால் காசு திரும்புமா, அதற்கு எழுத்து உண்டா? அவர் முன்பு அனுப்பிய குடும்பமொன்றோடு நாங்களே கதைக்கலாமா? இவற்றுக்கு நேரான பதில் தராதவர், பிள்ளை நடுக்கடலில் நிற்கும்போது தொலைபேசி எடுப்பார் என்று எப்படி நம்புவது? ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பார்கள். இங்கே காலை விடுவது ஒருவர், மூழ்குவது குடும்பம் முழுவதும்.

வேலைக்கென்று கூப்பிட்டால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து, அந்த முகவருக்கு உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். இன்று வலை தொலைபேசிக்குள்ளேயே வருகிறது. தாய்லாந்தில் கணினி வேலை என்று போனவர்கள் மியன்மாரில் இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டார்கள். நல்ல சம்பளம் என்று நம்பிப் போன இலங்கையர் ரஷ்ய–உக்ரைன் போர்முனையில் நின்ற செய்திகளும் 2024இல் வந்தன. சுற்றுலா விசாவில் போய் அங்கு வேலை விசாவாக மாற்றலாம் என்று எவரும் சொன்னால், அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள்.

வெளிநாட்டில் வாழும் சகோதரிகளே, உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். பெரும்பாலான வீடுகளில் மிகுதிக் காசு உங்களிடமிருந்துதான் வருகிறது. "அனுப்பு" என்று கேட்டதும் அனுப்பாமல், மேலே சொன்ன கேள்விகளை நீங்களும் கேளுங்கள். திருவிழாப் படங்களையும் புது வீட்டுப் படங்களையும் மட்டுமல்ல, இரட்டை வேலையையும் பனிக்காலத்தையும் வழக்கு முடியாத ஆண்டுகளையும் இங்குள்ள பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அதே காசில் ஒரு பிள்ளைக்குத் தொழிற்கல்வியோ, முறையான மாணவர் விசாவுக்கான ஆங்கிலப் படிப்போ கொடுக்கலாமா என்று ஒருமுறை கணக்குப் பாருங்கள்.

எமது சங்கத்திடம் இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, பத்தாம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அவர்களின் தாய்மாருக்கும் ஆண்டுக்கொரு தடவையாவது இவ்விடயம் பற்றி ஒரு கருத்தரங்கு நடத்த வேண்டும். மற்றது, திரும்பி வந்தவர்களின் குடும்பங்களைத் தேடிப் போக வேண்டும். "போனவன் வந்திட்டான்" என்ற ஊர்ப்பேச்சுக்கு அஞ்சியே பலர் மீண்டும் படகேறுகிறார்கள். உயிரோடு திரும்பிய பிள்ளை தோற்றுப்போன பிள்ளை அல்ல என்பதை நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

போவதா இருப்பதா என்பதை அவரவர் தீர்மானிக்கட்டும். அந்தத் தீர்மானம் அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தெரிந்து, அவள் கேட்டு, அவள் விளங்கி எடுத்ததாக இருக்கட்டும். கூட்டலும் கழித்தலும் கையெழுத்தும் எமக்குக் கற்றுத்தந்த ஆசிரியர்களுக்கு நாம் செய்யும் கைம்மாறும் அதுவே.