நோயாளியும் தோழர்தான்

(மாணவர் - இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டார்கள். இன்றைக்குக் கவிதை வேண்டாம், சிறுநீரகத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். நம் கூட்டங்களில் பஞ்சமி நிலம் பேசியிருக்கிறோம், வன்கொடுமை பேசியிருக்கிறோம், இட ஒதுக்கீடு பேசியிருக்கிறோம். இந்தப் போராட்டத்தையெல்லாம் சுமக்கிற உடம்பு கெட்டுப்போனால் என்ன செய்வது என்று பேசியதில்லை.

எனக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து மூன்று வருஷம் ஆகிறது. வாரம் மூன்று நாள், தடவைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். உங்கள் சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் பார்க்கிற வேலையை எனக்கு இயந்திரம் 12 மணி நேரத்தில் பார்க்கிறது. மற்ற நேரமெல்லாம் கழிவும் நீரும் உள்ளேயே தேங்கும். அதனால் தண்ணீரை அளந்துதான் குடிக்கணும். 1927இல் மகாத் குளத்தில் நீரள்ளிக் குடித்த வரலாற்றைச் சொல்லி வளர்ந்தவன், இப்போது டம்ளர் கணக்கு எழுதி வைக்கிறேன்.

இடது கையில் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்திருக்கிறார்கள். ஃபிஸ்டுலா என்று பேர். அந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது. வங்கி குமாஸ்தாவுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. லீவு போட்டாலும் வேலை இருக்கிறது. பக்கத்துப் படுக்கையில் இருக்கிற அண்ணன் மூட்டை தூக்கினவர். அவருக்குக் கை போனால் பிழைப்பே போச்சு. ஒரே நோய், ஒரே இயந்திரம். ஆனால் படுக்கைக்குப் படுக்கை வாழ்க்கை வேறு.

நோய் தெரிந்ததும் பார்க்க வந்தவர்கள் இளநீரும் வாழைப்பழமும் வாங்கி வந்தார்கள். வாழைத்தண்டுச் சாறு குடித்தால் சரியாகிவிடும் என்றார்கள். அன்புதான். ஆனால் சிறுநீரகம் செயலிழந்தவனுக்கு இளநீரில் இருக்கிற பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடலாம். நோயைத் தெரிந்துகொள்ளாத அன்பு ஆளைக் கொல்லும்.

எனக்கு வாழக் கற்றுக் கொடுத்தவர்கள் அந்த வார்டில் இருந்தவர்கள்தான். காய்கறியை நறுக்கி, வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுச் சமைக்கணும் என்று ஒரு அக்கா சொன்னார். "தாகம் தாங்கலன்னா ஒரு ஐஸ் கட்டிய வாயில அடக்கிக்க தம்பி" என்றார் மூட்டை தூக்கின அண்ணன். அங்கே யாரும் சாதி கேட்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். பாட்டில் ரத்தம் ஏற்றும்போது மட்டும் அது எந்தத் தெரு ரத்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இன்னொரு 'ஆதரவு'ம் வந்தது. "காசு மட்டும் ரெடி பண்ணுங்க சார், ஆள் இருக்கு" என்றார் ஒருவர். அந்த 'ஆள்' யார்? சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்து எடுத்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. 96 விழுக்காட்டினர் கடனை அடைக்க விற்றவர்கள். பத்தில் ஏழு பேர் பெண்கள். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பெரும்பாலோர் கடனிலேயேதான் இருந்தார்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டம் இந்த விற்பனையைத் தடை செய்தது. அதற்குப் பிறகும் 2007இல் எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்பு, 2025இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள். வில்லிவாக்கத்துக்கு அந்தக் காலத்தில் என்ன பட்டப்பெயர் வைத்தார்கள் என்று பெரியவர்களைக் கேளுங்கள். நான் பிழைக்க என் சேரிக்காரியின் வயிற்றைக் கிழிக்க வேண்டுமென்றால், அந்தப் பிழைப்புக்கு நான் தயாரில்லை.

என் அக்கா தருகிறேன் என்கிறாள். இந்தியாவில் உயிரோடு இருந்து சிறுநீரகம் தருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பெறுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இதையும் யோசிக்காமல் "சரி" என்று சொல்லிவிட முடியுமா? மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பைப் பெறும் திட்டம் 2008இல் தமிழ்நாட்டில் தொடங்கியது. அந்தப் பட்டியலில் பேர் பதிந்து காத்திருக்கிறேன்.

காத்திருக்கும் காலத்தில் என்ன வேண்டும்? இரக்கம் வேண்டாம், ஆள் வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. ஆனால் பஸ் செலவையும், போகிற கூலியையும், கூட வருகிறவரின் பட்டினியையும் எந்தத் திட்டமும் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு தோழர்கள் முறை வைத்து ஒரு நோயாளியோடு போய்வரலாம். வருமானச் சான்றுக்கு அலைகிற வேலையை மாணவர்கள் செய்யலாம். நம் தெருக்களில் ரத்த அழுத்தம், சர்க்கரை, கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் இந்த நான்கையும் பார்க்க முகாம் கேட்டுப் போராடலாம். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உழைத்துவிட்டு, ராத்திரி மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுக்கிறவர்கள் நம் ஜனங்கள். வெயிலும் அந்த மாத்திரையும் சேர்ந்து சிறுநீரகத்தை அரிக்கும். கால் வீங்கி, மூச்சு வாங்கும்போதுதான் தெரியவரும். அதற்குள் முக்கால்வாசி போயிருக்கும்.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். சுவருக்குச் சுவர் அண்ணலின் படம் வைத்திருக்கிறோம். அவர் பல வருஷம் சர்க்கரை நோயோடு போராடிய நோயாளி என்று எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறோம்? 'புத்தரும் அவர் தம்மமும்' உடம்பு முடியாத நிலையில் எழுதி முடித்த நூல். அந்த வருஷங்களில் மருத்துவராகவும் துணையாகவும் கூட இருந்தவர் சவிதா அம்பேத்கர். 1956இல் அண்ணல் இறந்ததும் அவரைப் பராமரித்தவர் மேலேயே சந்தேகம் கிளப்பினார்கள். பார்த்துக்கொள்கிறவர்களை நாம் நடத்தியிருக்கிற லட்சணம் இது. அந்த வழக்கத்தை மாற்றணும்.

நோயாளி இயக்கத்திலிருந்து விலகிப்போனவன் இல்லை. அவனைக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். அவன் வர முடியாவிட்டால் வார்டுக்கு வாருங்கள். நான்கு மணி நேரம் சும்மாதான் படுத்திருக்கிறோம். நிறைய பேசலாம்.

வரும்போது இளநீர் வேண்டாம். பத்திரிகை கொண்டு வாருங்கள்.